மலைக்கு இந்தப் பக்கம் கோடை

ஏப்ரல் மாதக் கடைசியில் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் 'கோடை விடுமுறை' என்று எழுதிப் போடுவார்கள். இடையில் ஒரு நாள் மழை கொட்டினால் அது கோடை மழை. அந்த ஈரத்தில் ஏர் ஓட்டினால் கோடை உழவு. ஊட்டியில் பூக்களை அடுக்கி வைத்தால் கோடை விழா. கோடை என்றால் வெயில் காலம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அகராதியைப் புரட்டினால் சந்தேகம் வரும். அங்கே வெயில் காலம் என்ற பொருளோடு இன்னொரு பொருளும் நிற்கும்: மேல்காற்று. அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. பழைய பாடல்களில் சருகைச் சுழற்றிக்கொண்டு, மூங்கிலை உரசவைத்துக்கொண்டு, வழிநடப்பவரை வாட்டிக்கொண்டு கோடை என்ற பெயரில் வருவது இந்தக் காற்றுதான். தொல்காப்பிய மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்த ஆறில் கோடை இல்லை. வெயில் காலத்துக்கு அங்கே வேனில் என்று தனியாக ஒரு பெயர் இருக்கிறது.

அப்படியானால் ஒரு காற்றின் பெயர் ஒரு பருவத்தின் பெயராக எப்படி மாறியது? வெயிலுக்குச் சூரியன்தானே காரணம்? நடுவில் காற்றுக்கு என்ன வேலை?

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வெயில் உச்சியைப் பிளப்பது சித்திரை, வைகாசியில். மேல்காற்று பலமாக அடிப்பதோ ஆனி, ஆடியில். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது இந்தக் காற்றைப் பற்றிய பழமொழிதான். கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகுதான் கோடைக் காற்றே மும்முரமாகிறது. சொல்லும் பருவமும் ஒன்றையொன்று தவறவிட்டதுபோல் இருக்கிறது.

இது புலவர்கள் மட்டும் அவிழ்க்க வேண்டிய முடிச்சு அல்ல. விடையில் பாதி சொல்லில் இருக்கிறது. மீதி மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது.

நான்கு திசைக்கும் நான்கு பெயர்

காற்றுக்குத் திசையை வைத்தே பெயர் சூட்டியவர்கள் தமிழர்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை. தெற்கிலிருந்து வந்தால் தென்றல். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். மேற்கிலிருந்து வந்தால் கோடை. வட என்பதிலிருந்து வாடையும், தென் என்பதிலிருந்து தென்றலும் வந்தது கண்ணுக்கே தெரிகிறது. மேற்குக்குக் 'குட' என்றொரு பழம்பெயர் உண்டு. கோடையை அதனோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

இன்றைக்கு இந்த நான்கு சொற்களும் என்ன ஆகியிருக்கின்றன என்று பாருங்கள். மாடியில் நிற்கிறீர்கள், முகத்தில் மெல்ல ஒரு காற்று படுகிறது. அது எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தென்றல்தான். திரு.வி.க.வைத் தமிழ்த்தென்றல் என்று அழைத்தவர்கள் அவர் தெற்கத்தியார் என்று சொல்ல வரவில்லை. அவருடைய தமிழின் மென்மையைச் சொன்னார்கள். கொண்டல் என்றால் பாட்டில் கார்மேகம். வாடை என்றால் மார்கழிக் குளிர். பேச்சு வழக்கில் அதே ஒலிக்கு மீன் வாடை, எண்ணெய் வாடை என்று நாற்றப் பொருளும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோடை என்றால் வெயில் காலம்.

நான்கிலும் நடந்தது ஒன்றே. திசை உதிர்ந்துவிட்டது. அந்தத் திசையிலிருந்து வந்த காற்று நமக்கு என்ன கொண்டுவந்ததோ, அது மட்டும் மிஞ்சியது. தென்றல் இதத்தைக் கொண்டுவந்தது, கொண்டல் மேகத்தை, வாடை குளிரை, கோடை வெப்பத்தை.

மற்ற மூன்றும் எளிதில் புரிகின்றன. கொண்டல் வங்காள விரிகுடாவைக் கடந்து வருகிறது. ஈரம் இருக்கத்தான் செய்யும். வாடை குளிர்காலத்து நிலப்பரப்பைத் தடவிக்கொண்டு வருகிறது, சில்லென்றுதான் இருக்கும். கோடையின் கதைதான் விசித்திரம். மேற்கே இருப்பது பாலைவனம் அல்ல, அரபிக் கடல். நடுவில் இருப்பவை மழை நனைத்த காடுகளும் தேயிலைத் தோட்டங்களும். இவ்வளவு ஈரத்தைத் தாண்டி வரும் காற்று உலர்ந்து, கொதித்து வருவானேன்?

ஒரே வெயில், இரண்டு ஊர்

முதலில் சூரியனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பார்ப்போம்.

கேரளக் கரையில் கொச்சி. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 10 டிகிரி வடக்கில் இருக்கின்றன. நேர்க்கோட்டில் இடைவெளி சுமார் 120 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் சூரியன் ஒரே உயரத்தில்தான் ஏறுகிறது. பகலின் நீளமும் ஒன்றே.

ஆனால் ஜூலை மாதம் கொச்சியில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பெரிது. குடை இல்லாமல் வெளியே போக முடியாது. அதே ஜூலையில் போடியைத் தாண்டி மதுரை வரை வந்தால் 36, 37 டிகிரி சர்வசாதாரணம். துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் பாதி காய்ந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையான நான்கு மாதங்களில் கேரளம் சராசரியாகச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழையைப் பெறுகிறது. தமிழ்நாட்டுக்குக் கிடைப்பது சுமார் 330 மில்லிமீட்டர்.

சூரியன் பாரபட்சம் காட்டவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் மூணாறு மலைகள் நிற்கின்றன. என்ன நடந்தாலும் அங்கேதான் நடந்திருக்க வேண்டும். அதைக் காணக் காற்றோடு சேர்ந்து மலை ஏறி இறங்குவதே வழி.

ஒரு பீரோ நிறையக் காற்று

காற்றைப் பின்தொடர ஒரு சௌகரியம் வேண்டும். வீட்டில் இருக்கும் ஸ்டீல் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தட்டுகளையும் துணிமணிகளையும் எடுத்துவிட்டால் அதற்குள் அடங்கும் காற்றின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. காற்றுக்கு எடையா என்று வியக்க வேண்டாம். ஒரு படி அரிசியைப் போல அதையும் நிறுக்க முடியும்.

கொச்சிக் கடற்கரையில், ஒரு ஜூன் மாதக் காலையில், இந்த ஒரு கிலோ காற்றைப் பிடிக்கிறோம். வெப்பம் 28 டிகிரி. அதில் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகச் சுமார் 19 கிராம் தண்ணீர் கரைந்திருக்கிறது. ஈரப்பதம் 80 விழுக்காடு. அதாவது அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

பீரோவின் சுவர்களை இப்போது ரப்பராக மாற்றிவிடுவோம். உள்ளே இருக்கும் காற்று விரிந்தால் விரியும், சுருங்கினால் சுருங்கும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே போகாது, உள்ளிருப்பது வெளியே வராது. தென்மேற்குப் பருவக்காற்று இதைக் கிழக்கே தள்ளுகிறது. எதிரே மலை. சுற்றிப் போக வழியில்லாததால் மேலே ஏறுகிறது.

ஏற ஏறக் குளிர்வது ஏன்?

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பகுதி சுடும். உராய்வு கொஞ்சம் காரணம் என்றாலும், முக்கியக் காரணம் காற்றை அமுக்கியதுதான். நாம் கையால் செய்த வேலை காற்றுக்குள் வெப்பமாகப் போய்ச் சேர்கிறது. அதே டயரின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டால் விரலில் சில்லென்று படும். இங்கே காற்று விரிந்தது. விரிவதற்குச் சுற்றியிருப்பதைத் தள்ள வேண்டும். தள்ளுவது ஒரு வேலை. அந்த வேலைக்கான கூலியைத் தன் வெப்பத்திலிருந்துதான் கொடுத்தாக வேண்டும்.

மலை ஏறும் காற்றுக்கும் இதே கதிதான். உயரே போகப்போக மேலிருந்து அழுத்தும் காற்று குறைகிறது. நம் ரப்பர் பீரோ உப்புகிறது. உப்புவதற்கான கூலியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 டிகிரி வெப்பத்தை இழக்கிறது.

முதல் 500 மீட்டரில் 5 டிகிரி போய்விட்டது. 28 இப்போது 23 ஆகிவிட்டது. குளிர்ந்த காற்றால் பழைய அளவு ஆவியைத் தாங்க முடியாது. 80 விழுக்காட்டில் கிளம்பிய பீரோ, 23 டிகிரிக்கு வரும்போது விளிம்பு வரை நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு அடி ஏறினாலும் வழிந்தாக வேண்டும். ஆவி நுண்துளிகளாகத் திரள்கிறது. மலைச்சரிவில் வெள்ளையாகத் தவழ்வது இதுதான். நமக்கு அது மேகம்.

ஒரு குடம் மழையின் விலை

இங்கிருந்து கணக்கு மாறுகிறது. மேகம் பிறந்த பிறகும் காற்று ஏறிக்கொண்டும் விரிந்துகொண்டும்தான் இருக்கிறது. ஆனால் முன்போல வேகமாகக் குளிர்வதில்லை. கிலோமீட்டருக்கு 10 டிகிரி இழந்தது, இப்போது ஏறக்குறைய 5 டிகிரிதான் இழக்கிறது. எங்கிருந்தோ அதற்கு வெப்பம் வருகிறது.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைப்பதை நினைவில் கொள்ளுங்கள். கொதிநிலையை எட்டிய பிறகும் தண்ணீர் முழுவதும் ஆவியாக நெடுநேரம் கேஸ் எரிய வேண்டும். அவ்வளவு நேரமும் வெப்பமானியின் முள் நகர்வதில்லை. அந்த வெப்பம் தொலைந்துபோகவில்லை, ஆவிக்குள் ஒளிந்துகொண்டது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோம். ஆவி மறுபடியும் நீராகும்போது, ஒளித்துவைத்த வெப்பத்தைப் பைசா பாக்கியில்லாமல் திருப்பித் தந்துவிடும். இட்லிப் பானை ஆவி கையில் பட்டால், அதே சூட்டில் உள்ள உலர்ந்த காற்றைவிட அதிகமாகச் சுடுவது இதனால்தான்.

எவ்வளவு வெப்பம்? ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட். மின்கட்டண அட்டையில் வருகிறதே, அந்த யூனிட்தான். பதினைந்து லிட்டர் குடம் ஒன்றுக்குப் பத்து யூனிட். மூணாற்றில் ஒரு குடம் மழை விழுந்தால், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைப் பத்து மணி நேரம் சூடாக வைத்திருந்ததற்குச் சமமான வெப்பம் மேலே காற்றில் சேர்ந்துவிட்டது என்று பொருள். மழை தரைக்கு வந்துவிடும். வெப்பம் காற்றோடு போய்விடும்.

நம் பீரோவில் 500 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் வரை ஏறும்போது மூன்று, நான்கு கிராம் நீர் திரள்கிறது. ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. ஆனால் அது தந்த வெப்பத்தால், 15 டிகிரி இழந்திருக்க வேண்டிய காற்று ஏழரை டிகிரிதான் இழந்தது. மலைமுகட்டில் பீரோவின் வெப்பம் பதினைந்தரை டிகிரி. ஸ்வெட்டர் தேவைப்படும்.

மறுபக்கம் இறங்கும்போது

முகட்டைத் தாண்டியாயிற்று. திரண்ட நீர் மழையாக மேற்குச் சரிவிலேயே விழுந்துவிட்டது. மேகம் கலைகிறது. காற்று போடியை நோக்கி இறங்குகிறது.

இப்போது எல்லாம் தலைகீழ். இறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது. ரப்பர் பீரோ நசுங்குகிறது. சைக்கிள் பம்பைப்போலச் சூடாகிறது. பீரோவில் திரும்ப ஆவியாக வேண்டிய துளிகள் இல்லை. ஆகவே ஏறும்போது கிடைத்த பாதி விலைச் சலுகை இறங்கும்போது கிடையாது. கிலோமீட்டருக்கு முழுதாகப் பத்து டிகிரி ஏறுகிறது.

போடி சமவெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 மீட்டரிலிருந்து இறக்கம் 1,600 மீட்டர். அதற்கு 16 டிகிரி. பதினைந்தரையோடு பதினாறு சேர்ந்தால் முப்பத்தொன்றரை.

மேற்குப் பக்கத்தில் இதே 400 மீட்டர் உயரத்தில் இந்தக் காற்று எவ்வளவு வெப்பத்தில் இருந்தது? 24 டிகிரி. அதே காற்று, அதே உயரம். மலையைத் தாண்டியதில் ஏழரை டிகிரி கூடிவிட்டது. சூரியனுக்கு இதில் நேரடிப் பங்கு ஒன்றுமில்லை. நள்ளிரவில் தாண்டினாலும் கணக்கு இதேதான். ஈரப்பதம் 80 விழுக்காட்டிலிருந்து 50க்கு அருகில் இறங்கிவிட்டது. இதற்குமேல் சூரியன் வருகிறது. மேகம் மேற்கிலேயே தங்கிவிட்டதால் வெயில் தடையில்லாமல் தரையில் விழுகிறது. பிற்பகலில் 36 டிகிரி என்பதில் ஆச்சரியமில்லை.

நிஜக் காற்று இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. கொஞ்சம் மேகம் முகட்டைத் தாண்டியும் வழியும். கொஞ்சம் காற்று மலையிடுக்கில் புகுந்து போகும். ஆனால் கதையின் போக்கு இதுதான். மேகம் ஒரு துளிகூட மழை விடாமல் மறுபக்கம் இறங்கியிருந்தால், துளிகள் ஆவியாகி, வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்து, கணக்கு நேராகியிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் மழை விழுந்ததால்தான் இந்தப் பக்கம் வெப்பம் மிச்சமானது. கேரளத்துக்கு மழை, நமக்கு அதன் சூடு.

போடிமெட்டிலிருந்து சாயங்காலம் இறங்கும் ஜீப்புகளில் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். ஏலத்தோட்டத்து வேலை முடிந்து திரும்பும் பெண்கள் தலைமுண்டும் முழுக்கைச் சட்டையும் நனைந்து ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகள் பாதி கழிந்ததும் தலைமுண்டை அவிழ்த்து உதறுவார்கள். முந்தல் அடிவாரம் வரும்போது சட்டையின் மேல்பித்தானைத் தளர்த்திவிட்டு முந்தானையால் விசிறிக்கொள்வார்கள். மழை, குளிர், வெக்கை மூன்றும் ஒரே ஜீப் பயணத்தில், ஒரே காற்றில்.

தென்காசியின் விதிவிலக்கு

மலைதான் காரணம் என்று சொல்லிவிட்டோம். மலை இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் வழக்கு முடியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடைவெளிகள் உண்டு. கோயம்புத்தூருக்கு எதிரே பாலக்காட்டுக் கணவாய். தென்காசிக்கு எதிரே செங்கோட்டைக் கணவாய். இங்கே காற்று இரண்டாயிரம் மீட்டர் ஏற வேண்டியதில்லை. அதிகம் ஏறாததால் அதிகம் இழப்பதில்லை; அதிகம் இறங்காததால் அதிகம் சூடாவதும் இல்லை. வரும்போது ஈரத்தோடும் குளிர்ச்சியோடுமே வருகிறது. குற்றாலத்தில் ஆனி, ஆடியில் முகத்தில் ஊசித் தூவலாகப் படுகிறதே, அந்தச் சாரல் இப்படி வந்ததுதான். தென்காசி கோயில் கோபுர வாசலில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதும் இந்தக் காற்றால்தான்.

தென்காசிக்காரர்களுக்கு மேல்காற்று என்றால் சீசன். அங்கிருந்து கிழக்கே போகப்போக அதே காற்று ஈரத்தை இழந்து, தூத்துக்குடிப் பக்கம் புழுதியாக மாறிவிடும். காற்று ஒன்று, திசை ஒன்று, மாதம் ஒன்று. வழி மட்டும் வேறு. காற்றின் குணம் அது எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது.

முடியாத வெயில்

இப்போது நாட்காட்டி முடிச்சை அவிழ்க்கலாம்.

வட இந்தியாவில் மே மாத வெயில் கொடுமையானது. ஆனால் பருவமழை வந்ததும் வெப்பம் தொப்பென்று இறங்கிவிடும். கேரளத்தில் ஜூன் முதல் வாரத்திலேயே இறங்கிவிடும். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பருவக்காற்றின் மழை மலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறது. காற்று மட்டும் சூடாகி இந்தப் பக்கம் வருகிறது. இப்படி மலை மறைத்துக்கொண்ட நிலப்பகுதியை மழைமறைவு என்பார்கள். மதுரையில், திருச்சியில் வெயில் ஜூன், ஜூலை வரை இழுத்துக்கொண்டே போவது இதனால்தான்.

சென்னையில் இது இன்னொரு விதமாக வேலை செய்கிறது. மே, ஜூன் பகல்களில் சென்னைவாசிகள் எதிர்பார்ப்பது கடல்காற்றை. நண்பகலுக்குள் அது உள்ளே வந்துவிட்டால் வெப்பம் அத்தோடு நிற்கும். மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்றைக் கரையிலேயே மடக்கி வைத்துவிடும். பிற்பகல் மூன்று மணி வரை நகரம் வேகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இப்படிப்பட்ட நாட்களில் நிலத்திலிருந்து வரும் வறண்ட காற்றின் கைதான் ஓங்கியிருக்கும்.

ஆக, வெயில் காலத்தைத் தொடங்கிவைப்பது சூரியன். அதை முடியவிடாமல் பிடித்துவைப்பது மேல்காற்று. வேனிலின் தலை சூரியன் கையில் இருக்கிறது, வால் கோடையின் கையில். மாதக்கணக்கில் அந்தக் காற்றில் காய்ந்தவர்கள் முழுப் பருவத்தையும் அதன் பெயரால் அழைத்ததில் தவறு என்ன?

மட்டக்களப்பின் கச்சான்

இந்தக் கணக்கு சரியென்றால், வேறோர் ஊரில், வேறொரு மலைக்குப் பின்னால் இதே காற்று இதே வேலையைச் செய்ய வேண்டும். செய்கிறது.

இலங்கையின் நடுவில் 2,500 மீட்டர் வரை உயர்ந்த மலைநாடு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்குகிறது. ஜூன், ஜூலையில் நுவரெலியாவில் கம்பளி போர்த்திக்கொண்டிருப்பார்கள். மட்டக்களப்பில் வெப்பம் 38 டிகிரியைத் தொடும். கடலோர ஊராயிருந்தும் கடல்காற்றை உள்ளே விடாத அளவுக்கு அந்த நிலக்காற்று பலமானது. அதற்கு அந்த மக்கள் வைத்த பெயர் கச்சான். உலக வானிலை அகராதிகளில் இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே ஏறியிருக்கிறது. ஈழத்தில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர் என்பதால், வானிலை அறிக்கையில் கச்சான் என்று கேட்டால் சிறுபிள்ளைகளுக்கு வாய் ஊறினாலும் ஊறும்.

கடலோடிகளின் பேச்சில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். தமிழ்நாட்டுக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் மீனவர்கள் கச்சான், வாடை, கொண்டல் என்று சொல்லும்போது முதலில் திசையைத்தான் சொல்கிறார்கள். நிலத்தில் வாழ்பவருக்குக் காற்று என்ன கொண்டுவந்தது என்பது போதும். அதனால் அவர் வாயில் திசை உதிர்ந்தது. பாய் விரிப்பவருக்குத் திசை தப்பினால் கரை தப்பிவிடும். அவர் வாயில் அது உதிரவில்லை.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு கோடை

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து திடீரென்று இறங்கும் வெப்பக் காற்றுக்கு ஃபான் என்று பெயர். பனிக்காலத்தின் நடுவில் வந்து ஒரே நாளில் பள்ளத்தாக்குப் பனியை உருக்கிவிடும். இந்தச் சூடு சகாரா பாலைவனத்திலிருந்து வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். தெற்கே பார்த்தால் சகாரா இருக்கிறது, காற்றும் தெற்கிலிருந்து வருகிறது, வேறென்ன வேண்டும்? 1866இல் ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியஸ் ஹான் அதை மறுத்தார். பாலைவனம் தேவையில்லை, காற்று மலையிறங்கி நசுங்குவதே போதும் என்றார். கிரீன்லாந்துக் கரையிலும் பனிமலையிலிருந்து இதே போன்ற வெப்பக் காற்று இறங்குகிறது. அங்கே பக்கத்தில் எந்தச் சகாரா?

வட அமெரிக்காவின் ராக்கி மலைத் தொடருக்குக் கிழக்கே இதன் உறவினர் உண்டு, பெயர் சினூக். 1943 ஜனவரி 22 அன்று தெற்கு டக்கோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் இத்தகைய காற்று ஒன்று இறங்கி, இரண்டே நிமிடத்தில் வெப்பத்தை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலிருந்து மேலே 7 டிகிரிக்கு ஏற்றியது.

நம் கதைக்கு வேண்டியது ஃபான் என்ற சொல்லின் பூர்வீகம். அது லத்தீன் மொழியின் ஃபவோனியஸ் என்பதிலிருந்து வந்தது. ரோமானியர்களுக்கு ஃபவோனியஸ் என்றால் வசந்தத்தைக் கூட்டிவரும் இதமான மேல்காற்று. அந்தப் பெயர் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெர்மன் பேசுவோரிடம் வந்தபோது திசை உதிர்ந்தது, வெப்பம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ஜெர்மானியர் வீட்டுக் குளியலறையில் தலை உலர்த்தும் கருவிக்கும் அதுவே பெயர். மேல்காற்று என்று தொடங்கிய சொல் அங்கே கூந்தல் உலர்த்தியாக முடிந்தது. இங்கே பள்ளி விடுமுறையாக முடிந்தது. இரண்டு ஊரிலும் நடுவில் ஒரு மலை இருந்தது.

முகட்டின் மறுபக்கம்

கடைசியாக ஒரு சோதனை. கோடைக்கு வெப்பம் என்ற பொருள் மலையால்தான் வந்தது என்றால், மலைக்கு மேற்கே வாழ்பவர்களுக்கு அந்தப் பொருள் வந்திருக்கக் கூடாது. அவர்களுக்கு மேல்காற்று மழையல்லவா?

மலையாளத்தில் வெயில் காலத்துக்கு வேனல் என்று பெயர். பள்ளி விடுமுறை, வேனலவதி. தொல்காப்பியத்தின் வேனிலை அவர்கள் இன்றும் அன்றாடப் பேச்சில் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கோடை வந்து உட்காரவில்லை. உட்கார அங்கே காரணமும் இல்லை.

ஆனால் நம் கோடைக்கு உடன்பிறப்புப் போன்ற ஒரு சொல் அங்கே இருக்கிறது: கோட. இரண்டும் ஒரே வேரின் கிளைகள் என்றே எண்ணத் தோன்றுகிறது. மலைச்சரிவில் வெள்ளையாகத் தவழ்ந்து வந்து பத்தடிக்கு அப்பால் இருப்பதை மறைக்கும் மூடுபனிக்கு மலையாளி சொல்லும் பெயர் அது. நம் பீரோ 500 மீட்டரில் நிரம்பி வழிந்தபோது பார்த்தோமே, அதே வெள்ளை.

போடிமெட்டு இரண்டு மாநிலங்களின் எல்லை. சோதனைச்சாவடிப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஆடி மாதச் சாயங்காலம் ஒன்றில் நின்றால் இரண்டு மொழியும் காதில் விழும். மேற்கே கையைக் காட்டி ஒருவர் 'கோட வருந்நு' என்பார். கண்ணாடி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறும் இன்னொருவர், கீழே ஊரில் கோடை இன்னும் விடவில்லை என்பார். இருவர் சட்டையிலும் படபடப்பது ஒரே காற்று.